சிவப்புத் துண்டு கட்டிய தறி

பத்து வயது வரைக்கும், கரும்பலகையில் எழுதியிருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். டீச்சர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் ஏதோ தடவுவார். சாமிக்குச் சூடம் காட்டுகிற மாதிரி அது ஒரு சடங்கு என்று நினைத்தேன். சடங்கு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் எழுதுவதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான் படிப்பு. பக்கத்தில் இருப்பவர் யாரைப் பார்த்து எழுதுகிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இதை நான் வெளியே சொல்வதில்லை. இப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். துணியில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. விஷயம் முதலாளி காதுக்குப் போனால் நாளைக்கே வாட்ச்மேன் ஆக்கிவிடுவார். அதற்கும் கண் வேண்டும்.

உங்களுக்கும் ஏறக்குறைய என் வயசுதான் இருக்கும். முன்மண்டை மைதானமாகி, செல்போனை ஒரு கை தூரம் தள்ளிப் பிடித்துப் படிக்கிற கோஷ்டி. அதனால் பொறுமையாகக் கேட்பீர்கள். தறிகள் நின்றுபோன ஒரு பங்குனி மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மங்கலத்துக்குப் பக்கம். 'எங்கள் ஊர்' என்பதே கொஞ்சம் கூடுதல்தான். அப்பாவும் அம்மாவும் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. டவுனுக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் இந்தத் தறிக்காரர் தெருவில் ஓர் ஓட்டு வீட்டில் வந்து விழுந்தோம். அந்தத் தெருவில் என்னைத் திட்டுகிறவர்கள்கூட மரியாதை குறையாமல் திட்டினார்கள். "ஏனுங்க, உங்க பையன் எங்க ஊட்டு ஓட்டை ஒடச்சுப் போட்டானுங்க" என்று வாசலில் வந்து நிற்பார்கள். வந்திருப்பது புகாரா, கல்யாண அழைப்பா என்று அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாகும். புரிந்ததும் "ஏல" என்று ஆரம்பிப்பார். அதில் எனக்குச் சந்தேகமே வராது.

பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே டீச்சர். அறையின் ஒரு சுவர் எங்களுக்கும் தறிக் குடோனுக்கும் பொது. இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் விசைத்தறி. காலையில் கரண்டு வந்ததும் அத்தனை தறியும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். தரையில் வைத்த புளியங்கொட்டை தானாக நகரும். பானைத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். ஓட்டு இடுக்கு வழியாகப் பஞ்சு பறந்து வந்து எல்லார் தலையிலும் உட்கார்ந்து, மதியத்துக்குள் நாலாம் வகுப்பே நரைத்துப்போகும். மெஷின் எண்ணெயும் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியும் கலந்த ஒரு வாசம் நாள் முழுக்க இருக்கும். இன்றைக்கும் அந்த வாசம் மூக்கில் பட்டால் எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு மறந்துபோகிறது.

அந்தச் சத்தத்தில் டீச்சர் பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டும். எங்களை நேருக்கு நேர் பார்த்து நிற்பார். ஒவ்வோர் எழுத்துக்கும் வாயை முழுசாகத் திறப்பார்; 'ஆ' என்றால் உள்நாக்கு தெரியும். கை வேறு தனியாகப் பேசும். இந்த வித்தை தறிக் குடோனிலிருந்து வந்தது. தறி ஓடும்போது எதுவும் காதில் விழாது என்பதால் தறிக்காரர்கள் வாயசைவிலும் கைச்சாடையிலும்தான் பேசிக்கொள்வார்கள். இந்த மூலையில் நிற்பவர் அந்த மூலைக்காரரிடம் நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பை உப்பு உறைப்போடு சொல்லி முடித்துவிடுவார், ஒரு பொட்டுச் சத்தம் வராது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே இது வந்துவிடும். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கத்திப் பார்த்து, தொண்டை கட்டி, மிளகு மென்று, கடைசியில் பிள்ளைகளிடமிருந்தே இதைப் பழகிக்கொண்டாராம். ஆனாலும் மிளகு டப்பா மேஜையை விட்டுப் போகவில்லை.

என்னை உயரம் பார்த்துக் கடைசி பெஞ்சில் போட்டார்கள். பெஞ்சுப் பஞ்சத்தில் பையன், பெண் என்று பிரிக்க வழியில்லை. என் பக்கத்தில் தறிக்காரர் மகள் ஒருத்தி. சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, ஒரு வருடம் தள்ளிப் பள்ளிக்கூடம் வந்தவள். அதனால் அவளும் உயரம். வகுப்பில் முதல் மார்க் அவள்தான். அவள் வாய் திறந்து பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தறிக்காரர் வீடுகளில் "உப்பை எடு" என்பதையே மைக் இல்லாத மேடையில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது, ஏற்பாடு என்று எங்களுக்கே தெரியாமல். அவள் பலகையைப் பார்த்து எழுதுவாள், நான் அவள் சிலேட்டைப் பார்த்து எழுதுவேன். டீச்சர் எப்போதாவது பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதாவது சொன்னால், அவள் முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடிப்பாள். எனக்குக் காது கூர்மை. தறிச் சத்தத்திலும் டீச்சர் குரலைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவேன். எடுத்ததை வாயசைத்துக் காட்டுவேன். அந்த வாயசைவுப் பேச்சை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். விலா எலும்பு வலித்தாலும் வகுப்பில் எங்கள் பெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை.

எங்களுக்கு முன்னால் தூங்குமூஞ்சி ஒருவன் இருந்தான். தறிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி அவனை வளர்த்திருந்தார்கள். அதனால் தறிச் சத்தம் கேட்டால் அவனுக்குக் கண் சொருகிவிடும். வருகைப்பதிவுக்கு "உள்ளேன் டீச்சர்" என்பான். மறுபடி மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, கூலி உயர்வு கேட்டுத் தறிக்காரர்கள் ஸ்டிரைக்கில் உட்கார்ந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாத் தறியும் நின்றது.

முதல் நாள் காலை டீச்சர் பழக்கதோஷத்தில் பெரிய குரலில் வணக்கம் சொல்ல, வெளியே வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. டீச்சருக்கே வெட்கமாகிவிட்டது. அப்புறம் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். எங்கள் டீச்சருக்கு இவ்வளவு நல்ல குரல் இருந்ததா என்று நாங்கள் வாயைப் பிளந்தோம். மிளகு டப்பா மூடிக் கிடந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே பேசினார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு செய்யுளை ராகம் போட்டுச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் நின்று சொல்வதெழுதுதல் போட்டார். பாவம், வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வகுப்புக்கு ஏங்கியிருப்பார் போல.

இரண்டு பேருக்கு மட்டும் அந்த அமைதி சேரவில்லை.

ஒருவன் தூங்குமூஞ்சி. சத்தம் நின்றதும் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. நாலு வருடத் தூக்கத்தில் சேர்த்து வைத்த சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்தான். பூமி உருண்டை என்றால் கீழே இருப்பவர்கள் ஏன் விழுவதில்லை, விழாவிட்டாலும் அவர்கள் வேட்டி ஏன் மேலே ஏறுவதில்லை என்று கேட்டான். இரண்டாம் வாரம் டீச்சர் அவனைப் பார்த்து, கண்ணு, ஒடம்பு சரியில்லீன்னா படுத்துக்கோ என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

இன்னொருத்தி என் பெஞ்சுக்காரி. டீச்சர் பின்னால் நின்று வார்த்தை சொன்னால் அவள் சிலேட்டு காலியாக இருக்கும். கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவாள். எதற்கும் "ஆமாங்க" என்பாள். பழையபடி என் விலாவை இடித்தாள், நானும் வாயசைத்தேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் உறுத்தாத எங்கள் ஏற்பாடு அமைதியில் பளிச்சென்று தெரிந்தது. பேசுகிறோம், பார்த்து எழுதுகிறோம் என்று டீச்சர் எங்களைப் பிரித்து, அவளை ஜன்னல் ஓரத்துக்கும் என்னை அந்தப் பக்கச் சுவருக்கும் அனுப்பினார். அதோடு இரண்டு பேர் படிப்பும் படுத்துவிட்டது. நான் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை, ஏற்கெனவே தரையில்தான் இருந்தேன். அவள் விழுந்தது ஊருக்கே தெரிந்தது.

டீச்சர் முதலில் திமிர் என்று நினைத்தார். பிறகு, ஸ்டிரைக் வீட்டுப் பிள்ளை, வயிற்றுக்குச் சரியாக இல்லையோ என்று தன் டிபன் டப்பாவிலிருந்து இரண்டு இட்லி கொடுத்துப் பார்த்தார். இட்லி இறங்கியது, பாடம் ஏறவில்லை. கடைசியில் அவள் அப்பாவை வரச்சொல்லி, இப்படியே போனால் இன்னொரு வருடம் நாலாம் வகுப்பிலேயே போட வேண்டியிருக்கும் என்றார். அவர் துண்டைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"மறுபடியும் நாலாவதுன்னா வேண்டாமுங்க டீச்சர். ஸ்டிரைக்கு முடிஞ்சதும் எங்ககூடத் தார் சுத்த வரட்டும். பொட்டப்புள்ளைக்கு இந்தப் படிப்பே போதுமுங்க."

தார் சுற்றுவது என்றால், தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. ஒருமுறை அதில் உட்கார்ந்த பிள்ளைகள் சிலேட்டு பக்கம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. டீச்சர் பதறிப்போய், அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் ஐந்தாம் வகுப்புதான், அதுவரைக்கும் பொறுங்கள் என்று தவணை வாங்கினார். அவளுடைய அப்பா சரியென்று போனார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். கண்ணுக்கு நேரே நடந்ததைப் பார்க்கவேண்டியவள் ஜன்னல் பக்கம் திரும்பி அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு இண்டர்வெல்லில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அவளுக்கு எல்லாவற்றையும் வாயசைத்துச் சொன்னேன். ஏன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்றும் கேட்டேன். அவள் சொன்ன காரணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"ஸ்டிரைக்கு வந்ததுலருந்து ஆரும் சரியாவே பேசறதில்லடா. டீச்சர்கூட முணுமுணுங்கறாங்க. எல்லாருக்கும் மனசு ஒடஞ்சு போச்சாட்ட இருக்குது."

ஊருக்கே துக்கத்தில் குரல் போய்விட்டது என்று அவள் நினைத்திருந்தாள். தனக்குக் காது கேட்கவில்லை என்று அவளுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. நான் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தேன். யோசித்துப் பாருங்கள், தறி ஓடினால் தூங்குமூஞ்சி தூங்குகிறான், நின்றால் விழிக்கிறான். தறி ஓடினால் இவளுக்கு மூளை ஓடுகிறது, நின்றால் நிற்கிறது. ஆகத் தறிக்காரர் பிள்ளைகளுக்கு உடம்பே தறியோடு பெல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. தெற்கத்திக்காரனான எனக்கு அந்த பெல்ட் இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்று இரவு பெருமையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வழியும் சுலபமாகத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நேரத்தில் ஒரு தறி ஓட வேண்டும். எந்தத் தறி? அவளுடைய அப்பா ஓட்டுகிற தறிதான், பெல்ட் அதில்தானே இருக்கும். அந்தத் தறி எனக்குத் தெரியும். ஸ்டிரைக்குக்கு முன்னால் அவளோடு அவருக்குச் சோற்றுத் தூக்குப்போசி கொண்டுபோனபோது பார்த்திருக்கிறேன். அவர் ஒரு சிவப்புத் துண்டைத் தறித் தூணில் கட்டி வைத்திருப்பார். குடோனுக்குள் சிவப்பாக இருந்தது அது ஒன்றுதான்.

ஸ்டிரைக் நேரத்தில் தறியை ஓட்டினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும், ஆனால் அது தெரிந்த இடம் மூளையில் வேறு அறை. குடோன் வாசல் புளியமரத்தடியில் தறிக்காரர்கள் எந்நேரமும் உட்கார்ந்திருப்பார்கள். யார் தறி ஓடுகிறதோ அவன் கருங்காலி, அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது என்று சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். அவரும் அதே குடோனில் தறி ஓட்டுகிறவர்தான். அவளுடைய அப்பா மேல் அவருக்கு ஏற்கெனவே ஒரு கண். குடோன் முதலாளிக்கு அவள் அப்பா தூரத்துச் சொந்தம். இருட்டினால் போய் ஓட்டிவிடுவாரோ என்று பேச்சு இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். டீச்சர் கலர் சாக்பீஸில் பலகையில் ஏதோ பெரிசாக எழுதியிருந்தார். இன்ஸ்பெக்டருக்கு அடர்த்தியான மீசை, மேலுதட்டை மூடிக் கீழுதட்டையும் எட்டிப் பார்த்தது. குரல் மெல்லிசு. போன வருடம் வந்தபோது ஒரே இரைச்சல், இப்போதுதான் வகுப்பறைச் சூழல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சந்தோஷப்பட்டார். பிறகு நேராக ஜன்னல் ஓரம் போனார்.

ஏழெட்டு எத்தனை என்று கேட்டார். அவள் மீசையையே பார்த்துவிட்டு "ஆமாங்க" என்றாள். நம்ம ஊர் எந்த மாவட்டம் என்றார். அதற்கும் "ஆமாங்க". வகுப்பு சிரித்தது. டீச்சர் முகம் செத்துப்போனது. இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார் என்று நினைக்கிறேன். மீசை கொஞ்சம் ஏறி இறங்கியது.

நான் சுண்டுவிரலைக் காட்டிவிட்டு வெளியே ஓடினேன்.

குடோனுக்குப் பின்னால் ஒரு ஜன்னலில் கம்பி போயிருந்தது. உள்ளே இறங்கினால் இருட்டு, எண்ணெய் வாசம், பாதி நெய்த துணியோடு வரிசையாக நிற்கும் தறிகள். எல்லாம் எனக்கு ஒரே சாம்பல் குவியல். சிவப்பை மட்டும் தேடினேன். கிடைத்தது. துண்டில் ஏதோ பூப்போட்ட மாதிரி இருந்தது. புதுத் துண்டு போல என்று நினைத்துக்கொண்டேன். கிணற்று மோட்டாரும் அதே லைன் என்பதால் மெயினை யாரும் அணைத்திருக்கவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கினேன். மோட்டார் உறுமியது. அவர்கள் செய்கிற மாதிரியே கைப்பிடியை இழுத்தேன். தறி உடம்பை ஓர் உதறு உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

வகுப்பில் நடந்ததை அப்புறம் எல்லாரும் எனக்கு மாற்றி மாற்றிச் சொன்னார்கள், தூங்குமூஞ்சி ஒருவனைத் தவிர. சத்தம் கேட்ட நிமிடத்தில் அவன் பெஞ்சில் சாய்ந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் பேசிக்கொண்டே இருந்தார். யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. டீச்சருக்கோ உடம்பு தானாகப் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. முன்னால் வந்து நேராக நின்று, வாயை முழுசாகத் திறந்து, கைவிரலைக் காட்டி, இன்ஸ்பெக்டர் கேட்டதையே கேட்டிருக்கிறார். அவள் எழுந்து, தறியை விடச் சத்தமாக, ஐம்பத்தாறு என்றாளாம். மாவட்டம் சொன்னாளாம். அது முடிந்து, கேட்காத ஆறு, மலை, அணை எல்லாவற்றையும் சொன்னாளாம். இன்ஸ்பெக்டர் மட்டும் காதில் கையை வைத்துக்கொண்டு என்ன, என்ன என்று எல்லார் முகத்தையும் பார்த்தாராம்.

அதற்குள் புளியமரத்தடி எழுந்துவிட்டது. "ஆரது தறிய ஓட்டறது" என்று தலைவர் குரல் கேட்டது. கூட்டமாக ஓடி வந்தார்கள். முன்னால் தலைவர், பின்னாலேயே அவளுடைய அப்பா. நான் தறிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தலைவர் வந்த வேகத்தைப் பார்த்தால் என்னைத் தூக்கி நாடாவில் வைத்து நெய்துவிடுவார் போலிருந்தது. ஆனால் தறிக்குக் கிட்டே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். தறியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டமும் அவரைப் பார்த்தது. பிறகு கையை நீட்டிப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"போச்சாது, உடுங்க. சின்னப் பையன். தெரியாம பண்ணிப் போட்டான்."

என் முகத்தில் இருந்த கள்ளமில்லாத்தனம்தான் அவரை உருக்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன். பல வருடம் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன்.

அவளுடைய அப்பா என் காதைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிவந்தார். அறை மறுபடி அமைதியாகியிருந்தது. இன்ஸ்பெக்டர் மீசைக்குள்ளிருந்து அவளிடம் அடுத்த கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் "ஆமாங்க" என்றாள்.

டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக நடந்து, தறி ஓடும்போது நிற்கிற அந்தப் பழைய இடத்தில் போய் நின்றார். வாயை முழுசாகத் திறந்து அசைத்தார். எட்டொன்பது என்று வாய் சொன்னது, குரல் வரவில்லை. ஒரு துளி வரவில்லை. எங்கள் யார் காதிலும் எதுவும் விழவில்லை.

"எழுபத்திரெண்டுங்க டீச்சர்" என்று அவள் கத்தினாள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் நின்ற அவளுடைய அப்பா, என் காதைப் பிடித்திருந்ததை மறந்து, கையை விட்டார். தூங்குமூஞ்சி விழித்துக்கொண்டு, சோறு போட்டாச்சா என்று கேட்டான்.

"நீ பேசாம பொட்டாட்ட இரு சாமி" என்றார் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

இன்ஸ்பெக்டருக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் மேல் வைத்தார். பள்ளி நேரத்தில் வெளியே போய் ரகளை செய்கிறாயே, பலகையில் டீச்சர் என்ன எழுதியிருக்கிறார், படி என்றார். எனக்கு அதில் சிரமமே இல்லை. பலகையில் எப்போதும் என்ன இருக்கும் என்று மனப்பாடம். வகுப்பு நாலு, பதிவு, வருகை என்று கையைக் கட்டிக்கொண்டு கணீரென்று சொன்னேன். வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது. பலகை நிறைய அங்கே எழுதியிருந்தது 'அமைதி காப்போம்'.

அவள் என் முகத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் தெரிந்த சேதியைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அவனுக்கு போர்டு தெரியாதுங்க டீச்சர். நா எழுதறதப் பாத்துத்தான் எழுதுவான்."

நான் டீச்சரைப் பார்த்தேன். எனக்கு வந்தது வெட்கமில்லை, ஆச்சரியம்.

"உங்களுக்கெல்லாம் அங்க எழுதியிருக்கது தெரியுதா?" என்று கேட்டேன்.

அடுத்த வாரமே டீச்சர் எங்கள் இரண்டு பேரையும், கூட அவள் அப்பாவையும் பஸ்ஸில் ஏற்றிக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் ஓர இருக்கைக்கு நாங்கள் சண்டை போட்டோம். என் அப்பா கம்பெனிக்கு லீவு போட முடியாமல், "ஏல, டீச்சர் மானத்த வாங்கிராதல" என்று சொல்லி அனுப்பினார். எனக்குப் புட்டி அடி மாதிரி ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து ஒரு மரத்தைப் பார்த்தேன். அதில் இலைகள் தனித்தனியாக இருந்தன. அதுவரை மரம் என்றால் குச்சியில் ஒட்டிய பச்சைக் களிமண் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சுத் தலையில் பேன் ஊர்வதும் தெரிந்தது. எல்லாம் லாபம் என்று சொல்ல முடியாது.

அவளுக்கு நெஞ்சில் தொங்கவிடுகிற ஒரு பெட்டியும், அதிலிருந்து காதுக்கு ஒரு வயரும் கிடைத்தது. ஸ்டிரைக் முடிந்து தறி ஓட ஆரம்பித்ததும், அந்தப் பெட்டி தறிச் சத்தத்தையெல்லாம் அள்ளிக் காதுக்குள் கொட்டியது. அவள் அதை அணைத்துச் சிலேட்டுப் பைக்குள் போட்டுவிட்டு டீச்சர் வாயைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேரையும் முதல் பெஞ்சில் ஒன்றாக உட்கார வைத்தார்கள். டீச்சர் அதற்கப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பேசியதே இல்லை. பலகையில் எழுத வேண்டுமென்றால் பாதி வாக்கியத்தைச் சொல்லி முடித்து, திரும்பி எழுதி, மறுபடி திரும்பி மீதியைச் சொல்வார். அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். தார் சுற்றுகிற பேச்சை அவளுடைய அப்பா பிறகு எடுக்கவில்லை. அவள் அங்கே நிற்கவில்லை, படித்துக்கொண்டே போனாள். இன்றைக்கு அருள்புரத்தில் ஒரு கார்மென்ட்ஸ் யூனிட்டின் மொத்தக் கணக்கும் அவள் கையில்தான்.

போன மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் செண்டை மேளம் வைத்திருந்தார்கள். பந்தியில் இலை போட்டவரிடம் தண்ணீர் கேட்டால் பாயசம் வந்தது. எங்கள் வகுப்பு ஆட்கள் நாலைந்து பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். தூங்குமூஞ்சி மேளத்தின் புண்ணியத்தில் இலைக்கு முன்னாலேயே கண்ணயர்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டு ஆளிடம் நான் தொண்டை கிழியக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டிரைக்கில் உயிரைப் பணயம் வைத்து இவள் அப்பா தறியை ஓட்டியவன் நான், சங்கத் தலைவரே என் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டார், இல்லாவிட்டால் இந்தக் கல்யாணமே இப்படி நடந்திருக்காது என்று.

மேளத்தில் அவருக்கு ஒரு வார்த்தை விழுந்திருக்காது. ஆனால் எதிர்வரிசைக்கு அப்பால், பட்டுப்புடவையோடு பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டு நின்றவள், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது படிக்க வரும் என்பதை நான் மறந்துவிட்டேன். காது மிஷினைக் கழற்றிக் கைப்பையில் போட்டிருந்தாள். நான் பார்த்ததும் கையை உயர்த்தி, நிறுத்து என்று சாடை காட்டினாள். பிறகு அந்தத் தூரத்திலிருந்தே, ஒரு பொட்டுச் சத்தமில்லாமல், வாயை முழுசாகத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நீ ஓட்டுனது எங்கப்பன் தறி இல்லப்பா. எங்கப்பன் ஸ்டிரைக்குக்கு மொத நாளே துண்ட அவுத்து ஊட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. அது தலைவர் தறி. அதுல கட்டியிருந்தது சங்கக் கொடி."

என் வாயில் வைத்த ஜாங்கிரி அப்படியே நின்றது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"உனக்கு மட்டும் கண்ணு ஒழுங்காத் தெரிஞ்சிருந்தா, எங்கப்பன் அன்னைக்கே ஊர உட்டுப் போயிருக்கோணும். வாய மூடிட்டுச் சாப்புடு."